கேட்கும் முன்பே சொன்ன சும்மா

உறைபனியில் விரல் மரத்துப்போனால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்காதீர்கள். அது கையேட்டில் இருக்கிறது. என்னைவிடக் கையேட்டுக்குப் பொறுமை அதிகம். நான் சொல்ல வந்தது தமாஷைப் பற்றி. உங்கள் பயிற்சியில் அதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கோபம்தான் வந்தது.

தென்துருவப் பனிக்கு நடுவே ஒரு ஆய்வு நிலையம். அதற்கு ஹூஸ்டனில் உட்கார்ந்துகொண்டு, திரை வழியாக வைத்தியம் பார்க்கும் வேலை. அதற்குத்தான் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். நான் ரிட்டயர் ஆகும்வரை பார்த்த வேலை அது. உங்களில் சிலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று சொன்னார்கள். அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் சொல்ல வந்ததில் பாதி உதிர்ந்துபோகும், ஏன் என்று போகப் போகப் புரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. ஹூஸ்டன் பக்கத்துக் கேட்டி ஊரில் எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து, நடுவில் நின்று நின்று எழுதுகிறேன். "ஒரு பக்கம் எழுதறதுக்குள்ள கார்ப்பெட் தேஞ்சிடும்," என்கிறார் என் கணவர் செல்வின். அவர் சோபாவை விட்டு எழுந்திருக்காதவர். அவருக்கு என்ன தெரியும்.

மேஜை வேலைக்கு வருவதற்கு முன், ஒரு குளிர்காலம் முழுக்க அந்த நிலையத்திலேயே டாக்டராக இருந்தேன். கோடையின் கடைசி விமானம் கிளம்பிப் போய்விட்டால் அவ்வளவுதான். மாதக்கணக்கில் யாரும் வர முடியாது, யாரும் போக முடியாது. சூரியனும் கிளம்பிப் போய்விடும். ஒரே கட்டடம், அதே முகங்கள், அதே டின் தக்காளி. அங்கே மனிதன் தாக்குப்பிடிப்பது மருந்தால் அல்ல, அடுத்தவனை ஏமாற்றிச் சிரிப்பதால்.

என்னையும் விடவில்லை. முதல் வாரம் என் கிளினிக் கதவைத் திறந்தால், வாசல் முழுக்கப் பனிக்கட்டியை அறுத்துச் சுவராக அடுக்கி, நடுவில் ஒரு அழைப்பு மணி பொருத்தியிருந்தார்கள். இன்னொரு நாள் நோயாளிப் படுக்கையில் போர்வைக்குள் ஒரு பிளாஸ்டிக் பென்குவின், வாயில் தெர்மாமீட்டரோடு. வெளியே பனியில் ஒரு கம்பம் நட்டு, "ஹூஸ்டன் செல்லும் பேருந்துகள் இங்கே நிற்கும்" என்று பலகை மாட்டினார்கள். யாருக்காவது அலுப்பு தட்டினால் சொல்லிக்கொண்டு போய் அங்கே ஒரு நிமிடம் நின்று, "பஸ்ஸை விட்டுட்டேன்," என்று திரும்பி வருவார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

அந்த நிலையத்தில் சாப்பாட்டு அறையை ஒட்டி, மெல்லிய தடுப்புக்குப் பின்னால்தான் சாட்டிலைட் போன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வினோடு பேசுவேன். எங்கள் பேச்சு இவ்வளவுதான்:

"எதுக்கு போன் பண்ணினே?"

"சும்மா."

"என்ன பண்ணிட்டிருக்கே?"

"சும்மாதான் இருக்கேன்."

"அழறியா?"

"சும்மா இருங்க."

தடுப்புக்கு அந்தப் பக்கம் காபி குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த ஒரு சொல் மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. அர்த்தம் கேட்டார்கள். காரணம் இல்லாமல், வேலை இல்லாமல், காசு இல்லாமல், பேசாமல், விளையாட்டுக்கு என்று அடுக்கினேன். "ஒரே சொல்லா?" என்று ஒருவன் நம்பாமல் கேட்டான். நானே அன்றைக்குத்தான் யோசித்தேன், எவ்வளவு வேலையை அந்தச் சொல் தலையில் கட்டியிருக்கிறோம் என்று.

பிறகு ஒரு சங்கடம் நடந்தது. ஜெனரேட்டர் அறையில் ஒருவன் வழுக்கி விழுந்ததுபோல் நடித்து, ஓடிவந்தவர்களைப் பார்த்துச் சிரித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். சில நாள் கழித்து சமையல்காரர் படியில் நிஜமாகவே விழுந்தார். அவரைச் சுற்றி நின்றும் கைதட்டினார்கள். நான் போய் ஷூவைக் கழற்றி, கணுக்கால் இருந்த கோணத்தைப் பார்த்த பிறகுதான் சத்தம் அடங்கியது.

எனக்கு வந்த ஆத்திரத்தில், இனி யாரும் தமாஷ் பண்ணக் கூடாது என்று உத்தரவு போடச் சொல்லி நிலைய மேலாளரிடம் போய் நின்றேன். பேரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, சொல்லவில்லை. பெரிய உடம்பு, சின்னக் குரல். "தடை போட்டால் தமாஷ் நிற்காது, டாக். எனக்குத் தெரியாமல் நடக்கும். அதுதான் எனக்குப் பயம்," என்றார். அன்று இரவுச் சாப்பாட்டில் எழுந்து நின்று ஒரே ஒரு விதி சொன்னார். எதைப் பார்த்தாலும் சந்தேகம் வந்தால் "சும்மா?" என்று கேட்க வேண்டும். தமாஷ் என்றால் "சும்மா" என்று பதில் சொல்லி, அந்த நொடியே தமாஷை முடிக்க வேண்டும். தமாஷ் இல்லை என்றால் "நாட் சும்மா." அதைக் கேட்டவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் யாரும் பொய் சொல்லக் கூடாது.

பாளையங்கோட்டையில் பிறந்த எனக்கு, "நாட் சும்மா" என்று சாப்பாட்டு அறை முழுக்க ஒத்திகை பார்த்ததைக் கேட்டபோது சிரிப்பு தாங்கவில்லை.

அவரிடம் நான் கற்றது அந்த விதியை மட்டும் இல்லை. நடுக் குளிர்காலத்தில் ஒரு மத்தியானம், அவர் ஜன்னல் பக்கம் நின்றவர் சட்டென்று கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எட்டிப் பார்த்தேன். நிலா வெளிச்சத்தில், அந்தப் பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். மேலாளர் போய் அவன் பக்கத்தில், அவன் பார்த்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே வந்தார்கள். அவனுக்குச் சில வாரம் என் கவனிப்பு தேவைப்பட்டது, தேறிவிட்டான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு மேலாளர் சொன்னது: "அவன் யாரிடமும் சொல்லாமல் போனான். பார்க்க ஆளில்லாமல் யார் தமாஷ் செய்வார்கள்?"

இதை வைத்துக்கொண்டுதான் நான் மேஜைக்கு வந்தேன். வருடங்கள் ஓடின. நிலையத்தில் ஒரு குழு போய் அடுத்த குழு வந்தது, அந்தச் சொல் மட்டும் போகவில்லை. ஆரம்பித்தது யார், எந்த மொழி என்று ஒருவருக்கும் தெரியாது. பனிச்சறுக்கில் வரும் ஏதோ சொல் என்று ஒருவன் எனக்கே விளக்கம் சொன்னான். நான் திருத்தவில்லை.

இனி வெஸ்லியின் கதை. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், ஜெனரேட்டர் மெக்கானிக், நிலையத்தின் தலைமைக் கோமாளி. பல கோடைகள் உதவியாளாகப் போய்ப் போய், கடைசியில் அந்த வருடம்தான் குளிர்காலத்துக்குத் தலைமை மெக்கானிக்காக அவனைப் போட்டிருந்தார்கள். அது அவன் கனவு. இரண்டாவது மெக்கானிக் ஒருவர் உண்டு, ஆனால் வெஸ்லி இல்லாவிட்டால் அவர் தனியாளாகக் குளிர்காலத்தைத் தள்ள வேண்டும். ஜெனரேட்டர் நின்றால் அங்கே எதுவும் மிஞ்சாது.

கோடையின் கடைசி விமானம் பனி ஓடுபாதையில் நின்றுகொண்டிருந்தது. அந்தக் குளிரில் எஞ்சினை அணைக்க மாட்டார்கள், அணைத்தால் மறுபடி கிளம்பும் என்று நிச்சயம் இல்லை. அது உறுமிக்கொண்டே ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், ஹூஸ்டனில் நான் கடைசிச் சோதனைக்காகத் திரையில் இருந்தேன். அங்கே மருத்துவம் பார்க்க டானா என்ற நர்ஸ் இருந்தாள். கெட்டிக்காரி, முதல் குளிர்காலம். எல்லோரும் நலம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் தோளுக்குப் பின்னால் நடைபாதை தெரிந்தது. அதில் வெஸ்லி, தனியாக. நெற்றியைச் சுவரில் வைத்து, வலது விலாவுக்குக் கீழே ஒரு கையை அழுத்திக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம் யாரும் இல்லை. "டானா, பின்னால் யார்?" என்றேன். அவள் திரும்பினாள். அவன் விறைப்பாக நிமிர்ந்தான். கேமராவைப் பார்த்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"சும்மா, டாக்," என்றான்.

டானா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கேட்கவே இல்லையே.

நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். கதவைத் திறந்ததும், நாம் வாயைத் திறப்பதற்கு முன்னால், "சும்மாதான் வந்தேன்," என்று சொல்பவர் ஒருநாளும் சும்மா வந்தவர் இல்லை. கேட்ட பிறகு வரும் சும்மா வேறு. முந்திக்கொண்டு வரும் சும்மா வேறு. அங்கே இருந்தவர்களுக்கு அது ஒரு விளையாட்டின் விதி. எனக்கு அது தாய்மொழி.

விதிப்படி நானும் கேட்டேன். "சும்மா?"

"சும்மா," என்றான் மறுபடி, கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல்.

"சரி, படு. டானா, வயிற்றை அழுத்திப் பார்."

அவன் படுத்தான், அதையும் நாடகமாக்கினான். முழங்காலைத் தொட்டால் அலறினான். காதைத் தொட்டால் அலறினான். வயிற்றின் இடது பக்கம் அழுத்தினால், கட்டடம் இடிந்துவிட்டதுபோல் அலறினான். வாசலில் கூட்டம் சேர்ந்து சிரித்தது. எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை, எழுந்து நின்றுவிட்டேன். டானாவின் கை வலது விலாவுக்குக் கீழே போனது. "மூச்சை நன்றாக இழுக்கச் சொல், இழுக்கும்போது அழுத்து," என்றேன்.

அங்கே மட்டும் அவன் அலறவில்லை. இழுத்த மூச்சு பாதியில் நின்றது. வாய் திறந்தபடி, சத்தமே இல்லாமல். ஒரு நொடி கழித்துத்தான் நினைவு வந்தவனாக அலறினான்.

பித்தப்பை. எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சந்தேகம் இல்லாதது எனக்குத்தான், கையில் ஆதாரம் ஏதும் இல்லை. காய்ச்சல் இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு விமானம் காத்திருக்காது. அங்கே அறுவை சிகிச்சைக்கு ஆள் இல்லை. விமானம் போனபின் பித்தப்பை அழுகினால், அவன் செத்துப்போவதை இந்தத் திரையில் நான் பார்க்க வேண்டியிருக்கும். நான் தப்பென்றால், ஒரு மனிதனின் கனவையும் நிலையத்தின் தலைமை மெக்கானிக்கையும் ஒரே அடியில் பறித்தவள் ஆவேன்.

விமானப் போக்குவரத்தைக் கவனித்தவர் நசீர், காயல்பட்டினத்துக்காரர். கலிபோர்னியாவில் பிளசன்டனில் வீட்டில் இருந்தபடியே வேலை பார்ப்பவர். பதற்றம் என்றால் இரண்டு பேருக்கும் தமிழ்தான் வரும்.

"நசீர், ப்ளேனை ஹோல்ட் பண்ணு. இன்னொரு ஆள் ஏறணும்."

"அக்கா, ஏறவேண்டியவங்கல்லாம் ஏறியாச்சு. கீழ கோஸ்ட்ல வெதர் க்ளோஸ் ஆகிட்டிருக்கு. யாரு?"

"வெஸ்லி."

"விளையாடாதீங்கக்கா. ஜெனரேட்டரே அவனை நம்பித்தான் இருக்கு. ஃபீவர் இருக்கா?"

"இல்ல."

"டெஸ்ட் ஏதாவது?"

"டைம் இல்ல. அழுத்தினா மூச்சு நிக்குது. கால் பிளாடர்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்க. நினைக்கிறதுக்காக நான் ப்ளேனை நிறுத்த முடியுமா? அவன் என்ன சொல்றான்?"

"சும்மான்னு சொல்றான்."

"அங்க எல்லாரும் அதான சொல்றாங்க. அது அவங்க கேம்."

"நான் கேக்கல நசீர். கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டான்."

எதிர்முனையில் கீபோர்டு தட்டும் சத்தம் நின்றது.

"எங்க மாமா ஒருத்தர் அப்படித்தான்," என்றார் நசீர் மெதுவாக. "வாசல்லயே, சும்மாதான் வந்தேன்னு சொல்லுவாரு. எங்க உம்மா ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உள்ள போய்ப் பாயை எடுத்துப் போடுவாங்க. வீட்ல சண்டை போட்டுட்டு வந்திருப்பாரு, ஒரு வாரம் போகமாட்டாரு." பிறகு குரல் மாறியது. "எவ்வளவு நேரம் வேணும்?"

"அவன் கோட்டை மாட்டற நேரம்."

பைலட்டுக்கும் மேலதிகாரிகளுக்கும் மூச்சு நின்ற கதையைச் சொன்னோம். அது மருத்துவப்படி சரியான காரணம், போதுமான காரணம். ஆனால் நசீரை அசைத்தது எது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

வெஸ்லி சிரிப்பதை நிறுத்தினான். அவன் முகத்தைச் சிரிப்பு இல்லாமல் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். கோட்டை மாட்டிக்கொண்டு, கேமரா அருகில் வந்து, "உனக்குத் தமாஷே புரியாது, டாக்," என்றான். திரையிலிருந்து விலகிப் போனான். வாசலில் நின்றவர்களில் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு வேதனை. விமானம் கடற்கரைக்கு வர வேண்டும், அங்கிருந்து இன்னொன்றில் நியூசிலாந்து போக வேண்டும், ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதுவரை எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. அலுவலகத்தில் இருக்க முடியாமல் பார்க்கிங்குக்கு வந்தேன். ஹூஸ்டனின் பிப்ரவரி வெயில் கண்ணைக் கூசவைத்தது. கார்களுக்கு நடுவே நடந்தேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தால்? அன்று காலை அவன் வெறும் பீன்ஸை அதிகமாகத் தின்றிருந்தால்? ஒரு தமிழ்ச் சொல்லை நம்பி நான் என்ன காரியம் செய்திருக்கிறேன்? செக்யூரிட்டி ஆள் இரண்டு முறை வந்து காரைத் தொலைத்துவிட்டேனா என்று கேட்டார்.

செல்வினுக்கு போன் பண்ணினேன்.

"எதுக்கு பண்ணினே?"

"சும்மா."

டி.வி. சத்தம் நின்றது. "அங்கயே இரு. டிரைவ் பண்ணாதே. நான் வர்றேன்," என்றார். சோபாவை விட்டு எழுந்திருக்காத அந்த மனிதர், ஃப்ரீவேயில் ஆபீஸ் விடும் நேரத்து நெரிசலில் வந்து சேர்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. என் கூடவே பார்க்கிங்கில் நடந்தார். எனக்கு அப்போது வந்த அழுகையை மறைக்கவில்லை.

மறுநாள் நசீர் கூப்பிட்டார். "அக்கா, ஆபரேஷன் முடிஞ்சுடுச்சு. கால் பிளாடர் அழுகற ஸ்டேஜாம். இன்னும் கொஞ்ச நாள்ல வெடிச்சிருக்கும்னு சர்ஜன் சொல்றாரு." நான் நன்றி சொல்வதற்குள், "நான் சும்மா ப்ளேனை நிறுத்தல இல்ல?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். நிலையத்தில் இரண்டாவது மெக்கானிக் தனியாகவே குளிர்காலத்தை ஒப்பேற்றினார்.

வெஸ்லியிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. உயிரைக் காப்பாற்றினால் நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்து இந்த வேலைக்கு வந்திருந்தால், இப்போதே வேறு வேலை தேடுங்கள். நீங்கள் அவர்களிடமிருந்து எடுத்தது எது என்று அவர்களுக்குத் தெரியும். கொடுத்தது எது என்று தெரியக் காலம் ஆகும். எனக்கு அது மனதில் முள்ளாகவே இருந்தது. ரிட்டயர் ஆனேன். முள் ரிட்டயர் ஆகவில்லை.

போன வசந்தத்தில் ஒரு நாள் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். வெஸ்லி. தலை நரைத்திருந்தது. தொப்பியைக் கையில் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தான். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"சும்மா, டாக்," என்றான்.

உள்ளே சோபாவில் இருந்த செல்வின் சிரிப்பை அடக்குவது கேட்டது. நான் சிரிக்கவில்லை. வாசலை விட்டு நகரவும் இல்லை. விதிப்படி கேட்டேன்.

"சும்மா?"

அவன் தொப்பியைப் பார்த்தான். எங்கள் வீட்டுப் புல்லைப் பார்த்தான். தெருவில் ஒரு கார் போகும்வரை காத்திருந்தான். பிறகு என்னை நேராகப் பார்த்து, "நாட் சும்மா," என்றான்.

"அப்ப உள்ள வா," என்று தமிழிலேயே சொன்னேன். புரிந்துகொண்டு வந்தான்.

அவனுக்கு மறுபடி நிலையத்துக்குப் போக வேண்டுமாம். உடம்பு சரியாகிவிட்டது, ஆனால் மருத்துவக் குழு அனுமதி மறுக்கிறது. வலியை மறைத்தவன் மறுபடியும் மறைப்பான் என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் தப்பில்லை, அவர்கள் இடத்தில் நானும் அதைத்தான் சொல்வேன். எத்தனை நாளாக வலித்தது என்று கேட்டேன். கிறிஸ்துமஸிலிருந்து என்றான். மௌன விரதம் முறித்தவன்போல் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னான். எங்கெங்கே வலித்தது, யார் யாரிடம் மறைத்தான், அன்று விமானத்தில் என்னை எப்படியெல்லாம் திட்டினான், ஸ்கேன் படத்தைக் காட்டியபோது எப்படிப் பயந்தான். செல்வின் அவன் தட்டில் மூன்றாவது தோசையை வைத்தார்.

அவன் போன பிறகு நெடுநேரம் நடந்தேன். மறுநாள் அந்தக் குழுவுக்கு போன் பண்ணி, என் பேரை வைத்து ஒரு வாக்குக் கொடுத்தேன். இவன் இனிப் பொய் சொல்ல மாட்டான் என்று.

இந்தக் குளிர்காலம் வெஸ்லி அங்கே இருக்கிறான். கடைசி விமானம் போய்விட்டது. உங்கள் திரையில் வருவான். பென்குவினுக்கு ஜுரம் என்பான், காது வலிக்கிறது என்று வயிற்றைக் காட்டுவான். சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். சந்தேகம் வந்தால் விதிப்படி கேளுங்கள், உண்மையைச் சொல்வான். நீங்கள் கேட்பதற்கு முன்னால் அவன் சொல்லிவிட்டால் மட்டும், எந்த நேரமானாலும் எனக்கு போன் பண்ணுங்கள். நான் எப்படியும் நடந்துகொண்டுதான் இருப்பேன்.